ஏரிக்குள் ஒரு பங்கு

கொரட்டூர் ஏரி வற்றி, நடு ஏரியில் நின்றாலும் கணுக்கால்தான் நனையும் என்ற பதத்துக்கு வந்ததும், ஏரிக்கரைத் தெருக்காரர்கள் வெளியே தெரிந்த மண்ணைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். கோடையில் வயல் வேலை கிடையாது. வயலுக்குச் சொந்தக்காரர்களே விசிறியும் கையுமாகப் படுத்துக் கிடக்கும் காலம். கூலிக்காரன் வயிறு மட்டும் அதற்காக லீவு எடுத்துக்கொள்ளுமா? அதனால் எந்தக் காலத்திலோ ஒரு புண்ணியவான், மழை பெய்து ஏரி நிரம்பும்வரை உள்ளே வெள்ளரியோ பூசணியோ கிர்ணியோ போட்டுப் பிழைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவைத்தான். அவன் பேர் யாருக்கும் தெரியாது. அவன் வைத்த சட்டம் எல்லாருக்கும் தெரியும்.

சட்டம் இதுதான்: ஒரு தலைக்கட்டுக்கு ஒரு பங்கு. மாசி மாதம் கங்கையம்மன் கோயில் வாசலில் ஒரு பானைக்குள் ஓட்டுச் சில்லுகளைப் போட்டு, ஒவ்வொரு தலைக்கட்டாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். குடும்பத்து ஆம்பிளை வந்து பானைக்குள் கைவிட்டு ஒரு சில்லை எடுப்பான். சில்லில் எந்தப் பங்கின் அடையாளம் கீறியிருக்கிறதோ அது அந்தக் கோடைக்கு அவனுடையது. ஆம்பிளை வெளியூர் போயிருந்தால் பெண்டாட்டி எடுக்கலாம். அவன் தலை அவன் கழுத்தில்தானே இருக்கிறது. ஆம்பிளை செத்துப்போய், வீட்டில் வேறு ஆண்வாரிசும் இல்லையென்றால் தலைக்கட்டும் போச்சு, பங்கும் போச்சு. அது அண்ணன் தம்பிக்குச் சேரும். தாலி அறுத்தவள் அந்த அண்ணன் தம்பி வீட்டில் அவர்கள் பார்த்து ஊற்றுகிற கஞ்சியைக் குடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

வேம்புலியம்மாள் ஏழெட்டு வருஷமாகக் கன்னியப்பன் தலைக்கட்டுக்குச் சில்லு எடுத்துவந்தாள். கன்னியப்பன் அவள் புருஷன். ரங்கூனில் கப்பல் மூட்டை தூக்கப் போனவன். பிள்ளை குட்டி இல்லை. முதல் வருஷம் பணம் அனுப்பினான். இரண்டாம் வருஷம் ஆள் மூலமாக ஒரு கறுப்புக் குடை அனுப்பினான். அப்புறம், குடை கிழியாமல் இருக்கிறதா என்றுகூடக் கேட்டு அனுப்பவில்லை. 'ஓடிப்போனவனுக்கு ஒன்பதாமிடத்தில் குரு, அகப்பட்டவளுக்கு அட்டமத்தில் சனி' என்று தெருவில் பரிதாபப்பட்டார்கள். பரிதாபப்பட்டவர்களுக்கு விஷயம் தெரியாது. அவன் இருந்த காலத்தில் பங்கு பூவில் இருக்கும்போதே கள்ளுக்கடையில் விலைபோய்விடும். காய்க்கிற சமயத்தில் எவனோ கூடையோடு வந்து பறித்துக்கொண்டு போவான். அவன் கப்பலேறிய பிறகுதான் வேம்புலி தன் கொடியில் காய்த்த காயைத் தன் கையால் பறித்தாள்.

மற்ற நாளெல்லாம் அடுத்தவன் வயலில், அடுத்தவன் சொன்ன இடத்தில், அடுத்தவன் நாற்றை நட்டுவிட்டு வருகிறவள் அவள். குழி இங்கே, கொடி அங்கே, இன்றைக்கு எருவில்லை, நாளைக்குத்தான் என்று வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு உலகத்தில் இருந்தது அந்த ஒரு பங்கு மண்தான். ஐந்து மாதம் சொல்லலாம். அந்த ஐந்து மாதத்துக்காக மற்ற ஏழு மாதமும் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

நாற்பத்திரண்டாம் வருஷம் மாசியிலும் அப்படித்தான் சில்லு எடுத்தாள். நல்ல பங்கு, வண்டல் மண். குழி வெட்டி, ஆட்டெரு போட்டு, ஈரத்துணியில் முளைகட்டிய விதையை ஊன்றினாள். பக்கத்திலேயே ஊற்று தோண்டினாள். ஏரிக்குள் ஊற்றுக்கு ஒரு குணம் உண்டு. மாசியில் ஒரு முழம் தோண்டினால் தண்ணீர் கசியும். வெயில் ஏற ஏற அது இறங்கும். அது இறங்க இறங்க நாமும் இறங்க வேண்டும். சித்திரை முடிவதற்குள் உள்ளே இறங்கி மொள்ளுகிறவளின் கொண்டைகூட வெளியே தெரியாது. குடம் மட்டும் ஏறி ஏறி வரும்.

பங்குனியில் கொடி ஓடிப் பூ விட்ட சமயத்தில், ரங்கூனை ஜப்பான்காரன் பிடித்துவிட்டான் என்ற செய்தி கொரட்டூர் ரயிலடியில் இறங்கித் தெருவுக்குள் வந்தது. வந்த கையோடு கன்னியப்பனின் தம்பி சின்னப்பையன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஏரிக்குள் ஓடிவந்தான்.

"அண்ணி! அண்ணன் பூட்டாரு அண்ணி!"

வேம்புலி ஊற்றுக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். "யாரு சொன்னது?"

"ரங்கூன்ல குண்டு போட்டுட்டானாம். ஊரே எரிஞ்சி சாம்பலாம். ஒரு ஈ காக்கா மிச்சமில்லியாம்."

"ஈ காக்கா செத்திருக்கும். உங்க அண்ணன் அதுலல்லாம் மாட்ற ஆளா? கல்யாணத்தன்னிக்கி இடி இடிச்சதுக்கே மாட்டுக்கொட்டாயில பூந்துகினவரு."

"நீ வாய்விட்டு அழு அண்ணி. அழுதா பாரம் கொறையும்."

"இப்ப ஆவாது. பிஞ்சு புடிக்கிற நேரம். இப்ப நான் அறுத்துட்டு மூலையில குந்திகினா இதுக்கு யாரு தண்ணி ஊத்தறது?"

"அதுக்குத்தான் நான் கீறேனே அண்ணி."

"அதுக்குத்தான் நீ கீறேன்னு எனக்குந் தெரியும்" என்று சொல்லிவிட்டு வேம்புலி மறுபடி ஊற்றுக்குள் இறங்கினாள்.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். சின்னப்பையனுக்கு அந்த வருஷம் கிடைத்தது கரையோரத்து உவர்மண். நாலு கொடி பிழைத்தது. அதையும் ஆடு மேய்ந்துவிட்டது. அண்ணன் செத்த துக்கத்தைவிட அண்ணன் பங்கில் பூ பூத்த துக்கம்தான் அவனுக்குப் பெரிது.

விஷயம் பெரியதனம் உலகநாதனிடம் போயிற்று. தெருவுக்குப் பெரியவர் அவர். எந்த வழக்கு வந்தாலும் ஒரு வெற்றிலையை மென்று முடிக்கிறவரை யோசிப்பார்; முடிந்ததும் இன்னொரு வெற்றிலை போடுவார். அவர் இரண்டாவது வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும்போது வேம்புலி சொன்னாள்: "பொணத்தக் காட்டச் சொல்லு. இந்த நிமிஷமே அறுக்கறேன். அது வரிக்கும் எனக்கு வேல கீது." அவள் எழுந்து போய்விட்டாள். புருஷன் செத்த சேதி வந்தால் பெண்பிள்ளை மாரில் அடித்துக்கொள்ள வேண்டும், குறைந்தபட்சம் ஒரு தலைவலியாவது வர வேண்டும். இவளானால் குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறாளே என்று தெரு வாய் மேல் கை வைத்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

சித்திரை பிறக்கிற சமயத்தில் பட்டணமே கிளம்பி மேற்கே வந்தது. ஜப்பான்காரன் கப்பலில் வருகிறான், மெரீனாவில் இறங்கிவிடுவான் என்று எவனோ சொல்ல, பீரோவும் அம்மிக்கல்லும் கிளிக்கூண்டுமாக மாட்டு வண்டிகள் திருவள்ளூர்ப் பக்கம் போய்க்கொண்டே இருந்தன. வேம்புலியின் வெள்ளரி அப்போதுதான் முதல் பறிப்பு. கூடையைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரம் போய் உட்கார்ந்தாள். கீழே வைப்பதற்குள் காலியாயிற்று. கோட்டுப் போட்ட ஒருவர் இரண்டு வெள்ளரிக்காயை மடியில் கட்டிக்கொண்டு, "ஏம்மா, இங்கே குண்டு விழுமா?" என்று கேட்டார்.

"இங்க வெயில்தான் சாமி விழும்" என்றாள்.

ஜப்பான்காரனால் லாபம் பார்த்த மனுஷி அந்தப் பக்கத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். சின்னப்பையனால் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அண்ணி அறுத்தால் என்ன, அறுக்காவிட்டால் என்ன, தம்பிக்குக் கடமை உண்டே என்று பூசாரி வீராசாமியைப் பிடித்து, அண்ணனுக்குக் கருமாதி செய்ய நாள் குறித்தான். தெரு முழுக்கச் சாப்பாடு. தெரு முழுக்கச் சாப்பிட்டுவிட்டால் அப்புறம் செத்தவன் சாகவில்லை என்று எவன் சொல்வான்?

கருமாதிக்கு முதல் நாள் சின்னப்பையன் பெண்டாட்டி கன்னியம்மா பங்குக்கு வந்து நின்றாள். கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள்.

"அக்கா, ஒரு பூசணிக்கா வோணும்."

"எதுக்கு?"

"நாளிக்கி... கருமாதிக்கு."

"யாருது?"

"மச்சாண்டாருது."

வேம்புலி கொடிகளைப் பார்த்தாள். "பெருசா வோணுமா, சின்னதா?"

"தெருவுக்கே கொழம்பு வைக்கணுமேக்கா. பெருசே குடு."

வேம்புலி இருந்ததிலேயே பெரிய காயைக் காம்போடு அறுத்துக் கொடுத்துவிட்டுக் கையை நீட்டினாள். கன்னியம்மா அந்தக் கையைப் பார்த்து விழித்தாள். "சொந்தத்துக்குள்ள காசாக்கா?"

"சாவு உங்க ஊட்ல. எங்க ஊட்ல யாரும் சாவலியே" என்றாள் வேம்புலி. கன்னியம்மா முந்தானையை அவிழ்த்தாள்.

மறுநாள் ஏரிக்கரைமேல் பனையோலையில் பொம்மை கட்டி, கன்னியப்பன் என்று பேர் சொல்லி எரித்தார்கள். சின்னப்பையன் மொட்டை அடித்துக்கொண்டு குலுங்கக் குலுங்க அழுதான். அதில் கொஞ்சம் நிஜ அழுகையும் இருந்தது, இல்லையென்று சொன்னால் பாவம். வேம்புலி போகவில்லை. "செத்தது அவனுக்கு அண்ணன். எனக்கு இன்னும் சாவல" என்று கூப்பிட வந்தவர்களிடம் சொல்லியனுப்பிவிட்டுக் கிர்ணிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஓலைப் புகை ஏரிக்குள் இறங்கி வந்தது. கொஞ்ச நேரத்தில் குழம்பு வாசனையும் வந்தது. தன் கொடியில் காய்த்த பூசணியின் வாசனை அவளுக்குத் தெரியாதா? குடத்தைக் கீழே வைத்தாள். அந்த ஆள் நிஜமாகவே செத்திருந்தால்? குடிகாரன்தான். ஆனாலும் அவளைக் கை நீட்டி ஒருநாள் அடித்ததில்லை. காய்ச்சலில் கிடந்தபோது கொரட்டூரிலிருந்து அம்பத்தூர்வரை தோளில் தூக்கிப் போனவன். ரங்கூனிலிருந்து தப்பியவர்கள் நடந்து வருவதாகச் சொன்ன மலைக்காட்டில் எங்கேயோ நாய் நரி இழுத்துக் கிடக்க, தான் இங்கே கிர்ணிக்காக அவன் உயிரைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறோமே என்று நினைத்ததும் அழுகை பொங்கியது. ஊற்றுக்குள் இறங்கி உட்கார்ந்து, ஒருவர் கண்ணிலும் படாமல், தொண்டை வற்ற அழுதாள். அழுது முடித்தபோது ஊற்றில் தண்ணீர் சேர்ந்திருந்தது. மொண்டுகொண்டு மேலே வந்தாள்.

சாப்பாடு முடிந்து கூட்டம் கூடியது. உலகநாதன் மூன்று வெற்றிலை மென்றார். ஆடியில் கங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவரை வேம்புலி பங்கை அனுபவிக்கலாம். கூழ் ஊற்றிய மறுநாள் தாலியைக் கழற்றிவிட வேண்டும். அடுத்த மாசியிலிருந்து அந்தச் சில்லு சின்னப்பையனுக்கு. இதுதான் தீர்ப்பு. வெறும் வயிற்றில் சொல்லியிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பாரோ என்னவோ, தெருவே ஏப்பம் விட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

அப்புறம் வைகாசி, ஆனி என்று நாள் ஓடியது. வேம்புலி ஒரு கொடியைக்கூடக் காயவிடவில்லை. கடைசிக் கோடை என்று மனசுக்குத் தெரிந்துவிட்டால் கை அதற்கேற்ற மாதிரிதான் வேலை செய்யும். கண்ணில் பட்ட புல்லையெல்லாம் பிடுங்கினாள். பூச்சி விழுந்த இலையை ஒவ்வொன்றாகக் கிள்ளினாள். கன்னியம்மா வீட்டு மூலையில் சுருட்டிய பாயும் தானுமாக உட்கார்ந்திருப்பது அடிக்கடி நினைவுக்கு வந்தது. வரும்போதெல்லாம் ஒரு குடம் அதிகமாக ஊற்றினாள்.

ஆனி மாதம் ஒருநாள் பொழுது சாய்கிற நேரம். பழுத்த கிர்ணிக்கு நரி வருமே என்று பனைமட்டையும் கையுமாகப் பங்கைச் சுற்றிவந்தவள், கொடிக்கு நடுவே ஒரு உருவம் குந்தியிருப்பதைப் பார்த்தாள். தாடி, எலும்பு, இடுப்பில் ஒரு கோணிக் கிழிசல். பழத்தைத் தோலோடு, விதையோடு தின்றுகொண்டிருந்தது. வேம்புலி கேட்கவில்லை, கூப்பிடவில்லை. முதுகில் ஒன்று வைத்தாள்.

"அடிக்காதம்மே! நாந்தான்!"

"நாந்தான்னா? திருட வர்றவன் அல்லாருந்தான் நாந்தான்றான்!" இன்னொன்று விழுந்தது.

"கன்னியப்பன்மே!"

"அந்த ஆளு செத்து கருமாதியே முடிஞ்சிபோச்சு, நீ யார்றா புதுசா?"

தெருவே செத்தான் செத்தான் என்றபோது இல்லை என்று நாலு மாதமாக நின்றவள், அவனே வந்து நிற்கும்போது இப்படிச் சொன்னாள். மனுஷ வாய்தானே.

உருவம் வாயிலிருந்த விதையைத் துப்பிவிட்டு, "கருமாதில கொழம்பு நல்லா இருந்துச்சா?" என்று மூக்கால் கேட்டது. அந்த மூக்குப் பேச்சு உலகத்திலேயே ஒருத்தனுக்குத்தான் உண்டு. பனைமட்டை கீழே விழுந்தது. வேம்புலி அப்படியே பாத்தியில் உட்கார்ந்து அவன் தாடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், காதைப் பார்த்தாள், பிறகு "பாவி, பாவி" என்று அவன் தோளில் குத்திக் குத்தி அழுதாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு சந்தோஷம் வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

அவன் பேசினான். ரங்கூனிலிருந்து நடந்தே மலை ஏறி வந்தானாம். "வழியெல்லாம் பொணம் வேம்பு. வேப்பம்பட்டு ஆளுங்க ரெண்டு பேரு எங்கூடத்தான் வந்தாங்க. வாந்திபேதி. தூக்க தெம்பில்ல. தாண்டிகினு வந்துட்டேன். தாண்டித்தான் வந்தேன்." விரலை நக்கிவிட்டு, "அங்க ஒருத்தி இருந்தா" என்றான்.

"கூட வரலியா?"

"அவளுக்கு அது அவ ஊரு."

"புத்திசாலி" என்றாள் வேம்புலி. இன்னொரு கிர்ணியைப் பிளந்து அவன் கையில் கொடுத்தாள்.

அவன் தின்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சந்தோஷத்துக்குப் பின்னால் பயம் வந்து நின்றது. ஆள் வந்துவிட்டான். பங்கு சின்னப்பையனுக்குப் போகாது. சரி, யாருக்கு வரும்? இவனுக்கு. அடுத்த மாசியில் இவன் சில்லு எடுப்பான், குழி எங்கே என்று இவன் சொல்வான். பூ பூத்ததும் கள்ளுக்கடைக்காரன் கூடையோடு வருவான். புருஷன் செத்தாலும் பங்கு போகும், வந்தாலும் போகும் என்றால் இது என்ன கணக்கு என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

மறுநாள் காலையில் கன்னியப்பன் தெருவுக்குள் நடந்தபோது பெண்டுகள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார்கள். சின்னப்பையனுக்கு மொட்டைத்தலையில் அரை அங்குலம் முடி வளர்ந்திருந்தது; அத்தனையும் நட்டுக்கொண்டது. "அண்ணாத்தே, நான் நல்லபடியாத்தான் செஞ்சேன், கொற வெக்கல" என்று கையெடுத்துக் கும்பிட்டான். பேயில்லை, ஆள்தான் என்று தெளிய அரை நாள் ஆயிற்று.

தெளிந்த பிறகுதான் சிக்கல். பூசாரி வீராசாமி தலையைச் சொறிந்தார். "கருமாதி சோறு தெருவே துன்னுட்ச்சு. துன்னத திருப்பி எடுக்க முடியுமா? இவன் செத்தவன் செத்தவன்தான். தெருவுல இருக்கணும்னா மறுபடி பொறக்கணும். அதான் மொறை."

அப்படியே செய்தார்கள். வாசல் வழியாக வரக்கூடாது என்று வேம்புலி வீட்டுக் கூரையைப் பிரித்து, கன்னியப்பனைக் கயிறு கட்டி உள்ளே இறக்கினார்கள். பிறந்த பிள்ளைக்கு ஏது தாடி மீசை என்று மழித்தார்கள். மருத்துவச்சி பொன்னம்மாள் தொப்புள்கொடி என்று ஒரு வாழைநாரை அறுத்தாள். மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டி முறத்தில் போட வேண்டும். முறம் கொள்ளாததால் ஒரு காலை மட்டும் அதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். உலகநாதன் விரலால் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு அவன் நாக்கில் வைத்துச் சேனை கொடுத்தார். காதில் மூன்று தரம் பேர் சொன்னார்கள். வேறு பேர் யோசிக்க நேரமில்லாததால் கன்னியப்பன் என்றே வைத்தார்கள். பெண்டுகள் குலவையிட்டார்கள். அத்தனையும் ஒரே காலையில் முடிந்தது. யாரும் சிரிக்கவில்லை, முறை என்றால் முறை.

எல்லாம் முடிந்து வெற்றிலைத் தட்டு வரும்போது சின்னப்பையன் எழுந்தான். பயம் தெளிந்தால் புத்தி வேலை செய்யுமே.

"பெரியவரே, ஒரு ஞாயம். எங்க அண்ணன் செத்தது செத்ததுதான்னு பூசாரியே சொல்ட்டாரு. இது இன்னிக்கிக் காலைல பொறந்த கொழந்த. பதினெட்டு ஆடி பாக்காதவன் சில்லு எடுக்கக் கூடாதுன்னு சட்டம் கீது. அப்ப பங்கு எனக்குத்தானே வரணும்?"

கன்னியப்பன் முறத்திலிருந்த காலைப் பார்த்துக்கொண்டான். உலகநாதன் வெற்றிலையை வாயில் போட்டார். சின்னப்பையன் சொன்னதில் ஓட்டை எதுவும் அவருக்குத் தெரியவில்லை.

அடுப்படியிலிருந்த வேம்புலி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "சின்னப்பையன் சொல்றது ரொம்ப ஞாயம்" என்றாள்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. சின்னப்பையனே திரும்பிப் பார்த்தான்.

"இது கொழந்ததான். ஒத்துக்கறேன். பொன்னம்மாக்கா, உன் ஊட்டுக்காரரு பூட்டப்ப உன் மவன் கைக்கொழந்த. அப்ப உன் பங்கு யாருக்குப் போச்சு?"

"எவனுக்குப் போவும்?" என்று பொன்னம்மாள் சீறினாள். அந்த வழக்கில் மச்சினன்மாரோடு மண்ணை வாரித் தூற்றிக்கொண்டவள் அவள். "ஊட்ல ஆம்பளப் புள்ள ஒண்ணு கீதுன்னா பங்கு ஊட்ட உட்டு நவுராது. அவன் பதினெட்டு ஆடி பாக்கற வரிக்கும் நான்தான் எடுத்தேன். கஞ்சி ஊத்தறவ எடுக்கறது. இந்தப் பெரியவருதான் என் பேரச் சொல்லிக் கூப்புட்டாரு, கேளு."

உலகநாதன் மெல்லுவதை நிறுத்தினார். கூப்பிட்டது உண்மை.

"அப்ப இந்தக் கொழந்தைக்குக் கஞ்சி ஊத்தறவ யாருன்னு பாருங்க" என்றாள் வேம்புலி. "சின்னப்பையன் ஊத்தறான்னா தூக்கிகினு போவட்டும். பதினெட்டு வருசத்துக்கு."

சின்னப்பையன் கன்னியம்மாவைப் பார்த்தான். கன்னியம்மா அவனைப் பார்த்த பார்வையை இங்கே எழுதுவதற்கில்லை. அதற்குள் முறத்திலிருந்து மூக்குக் குரல் வந்தது.

"வேம்பு, பசிக்குதும்மே."

கூட்டத்துக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. பூசாரி வீராசாமி மட்டும், மறுபிறவி எடுத்தவனுக்குத் திரும்பவும் தாலி கட்டி வைப்பதுதான் முறை, அதற்கு ஒரு சேவலும் அரிசியும் ஆகும் என்று ஆரம்பித்தார். "பச்சக் கொழந்தைக்குக் கல்யாணமா? சர்க்காரு சட்டம் போட்டுக் கீறான். ஆவடி பக்கம் போலீசு வந்து புடிச்சிகினு போனானே, தெரியாதா? பழைய தாலி கழுத்துலயே கீது. நான் எப்ப அறுத்தேன்?" என்றாள் வேம்புலி. பூசாரி சேவலை மறந்துவிட்டார். உலகநாதன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "கஞ்சி ஊத்தறவ எடுக்கறது" என்று தீர்ப்புச் சொன்னார். அவர் வாழ்நாளில் ஒரே வெற்றிலையில் முடித்த வழக்கு அது ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் காய்ந்த கொடிகளை இழுத்துப் போட இருவரும் ஏரிக்குள் போனார்கள். மழித்த முகத்தோடு கன்னியப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்து வாயெடுத்து நிறுத்தினான். கடைசியில் கேட்டுவிட்டான்.

"ஊரே செத்துட்டான்னு சொன்னப்ப நீ ஒருத்திதான் இல்லன்னியாமே."

பொய் சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தை இனிப்பாகச் சொன்னால் குடியா முழுகிவிடும்? வேம்புலிக்கு வரவில்லை. "காய்க்காவத்தான் சொன்னேன்" என்றாள். "நீ செத்தா பங்கு பூடும்."

அவன் கொஞ்ச தூரம் கொடியை இழுத்துக்கொண்டு போய்ப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தான்.

"எதுக்காவோ. உசுரோட கீறான்னு ஒருத்தி சொல்லிகினு இருந்தா பாரு" என்றான். குரல் இன்னும் அதிகமாக மூக்கில் போயிற்று. வேம்புலி குனிந்து அடுத்த கொடியைப் பிடித்தாள்.

அவன் கள்ளை விட்டானா என்றால், விடவில்லை. சித்தாள் வேலைக்குப் போன காசில் குடித்தான். பங்கைப் பூவிலேயே விற்கிற உரிமை மட்டும் அவனுக்கு இல்லை.

அடுத்த மாசியில் கோயில் வாசலில் தெரு கூடியது. பதினெட்டு ஆடி பார்க்காத பிள்ளைகளெல்லாம் ஒரு ஓரமாக நிற்க வேண்டும். கன்னியப்பன் அங்கே போய்ப் பிள்ளைகளோடு நின்றுகொண்டான். உலகநாதன் வரிசையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். ஆட்கள் போனார்கள், சில்லு எடுத்தார்கள், வந்தார்கள்.

"வேம்புலியம்மா தலைக்கட்டு!"

யாரும் போகவில்லை. 'கன்னியப்பன் தலைக்கட்டு' என்ற கூப்பாட்டுக்கே போய்ப் பழகிய வேம்புலி கையைக் கட்டிக்கொண்டு, யார் போகப்போகிறார்கள் என்று மற்றவர்களைப் போலவே பார்த்துக்கொண்டு நின்றாள். உலகநாதன் மறுபடி கூப்பிட்டார். பிள்ளைக் கூட்டத்திலிருந்து கன்னியப்பன் வந்து அவள் தோளைத் தொட்டான்.

"போம்மே. உன்னத்தான் கூப்புடறாங்க."